படம் எங்கே போகிறது?

வாசகர் கேள்வி – பதில்

சேலத்தில் கல்யாண அழைப்பிதழும் கோயில் நோட்டீசும் வடிவமைக்கும் டி.டி.பி. கடையில் உட்கார்ந்தே எனக்குத் தலை நரைத்தது. அந்தப் பழக்கத்தில், "எந்தச் சாப்ட்வேர் நல்லது அக்கா?" என்று யார் கேட்டாலும் உடனே பதில் சொல்லமாட்டேன். படம் கடைசியில் எங்கே போகிறது என்று திருப்பிக் கேட்பேன். வாட்ஸ்அப்புக்கா, சுவரில் மாட்டவா, பிளெக்ஸுக்கா, தேர்வு விண்ணப்பத்துக்கா? அது தெரிந்துவிட்டால் மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதில் பெரிய குழப்பம் இராது. அதைச் சொல்லிக் கேட்டவர்களின் கடிதங்களை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன்.

மகன் தன் பழைய மடிக்கணினியை என்னிடம் விட்டுவிட்டுப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான். குடும்பப் படங்களை வெட்டி, வெளிச்சம் கூட்டி, பின்னால் நிற்கும் ஸ்கூட்டரை மறைத்து உறவினர்களுக்கு அனுப்ப ஆசை. பக்கத்துக் கடைக்காரர் போட்டோஷாப்பை இலவசமாகப் போட்டுத் தருகிறேன் என்கிறார். போட்டுக்கொள்ளட்டுமா?
– வாசகி, அம்மாபேட்டை

வேண்டாம், சகோதரி. போட்டோஷாப்பின் புதிய பதிப்புகளை 2013 முதல் அடோபி நிறுவனம் சந்தாவுக்குத்தான் தருகிறது. மாதத்துக்கோ வருடத்துக்கோ பணம் கட்ட வேண்டும். யாராவது இலவசமாகப் போட்டுத் தருகிறேன் என்றால், அது பூட்டை உடைத்த பிரதி. அப்படிப்பட்டதை நிறுவும்போது பெரும்பாலும் முதல் வேலையாக வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்வார்கள். எழுந்து வந்துவிட அந்த ஒரு காரணமே போதும். அதே கணினியில்தானே நாளைக்கு வங்கிக் கணக்கையும் திறக்கப்போகிறீர்கள்?

அது கிடக்கட்டும். உங்கள் வேலைக்குப் போட்டோஷாப்பைத் தேடுவது, நாலு பேருக்கு இட்லி ஊற்ற மண்டபத்து அண்டாவை வாடகைக்கு எடுப்பது. விண்டோஸோடு வரும் 'போட்டோஸ்' செயலியில் படத்தைத் திறந்து 'எடிட்' அழுத்துங்கள். வெட்டுவது, கோணலை நிமிர்த்துவது, வெளிச்சம் கூட்டுவது எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். புதிய பதிப்புகளில் 'இரேஸ்' என்றும் ஒன்று இருக்கிறது. ஸ்கூட்டரின் மேல் தேய்த்தால் அது மறையும், அந்த இடத்தைப் பின்னணியைப் பார்த்துச் செயலியே நிரப்பிக்கொள்ளும். பின்னால் வெறும் சுவர் என்றால் சுத்தமாக வரும். கோலம் போட்ட வாசல் என்றால் கோலம் குழம்பிப்போகும்.

அதற்கு மேலும் ஆசை வந்தால் பெயின்ட் டாட் நெட் என்ற மென்பொருள். 2004-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாணவர் திட்டமாகத் தொடங்கியது. விண்டோஸில் மட்டும் ஓடும். பழைய கணினியிலும் தடுமாறாது. மைக்ரோசாப்ட் ஸ்டோரில் காசு கேட்கும், அதன் சொந்த இணையதளத்தில் இலவசம். புதிதாகக் கற்பவர்களுக்கு நான் இதையே சொல்வதற்குக் காரணம் அதன் 'ஹிஸ்டரி' பெட்டி. நீங்கள் செய்த ஒவ்வொரு வேலையும் வரிசையாக அதில் நிற்கும். எந்த வரியைத் தொட்டாலும் படம் அந்த நிலைக்குத் திரும்பிவிடும். கெடுத்துவிடுவோமோ என்ற பயம் போனால்தான் கை ஓடும். ஸ்கூட்டரை மறைக்க 'குளோன் ஸ்டாம்ப்' கருவியை எடுங்கள். கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி நல்ல சுவரில் ஒரு முறை சொடுக்கிவிட்டு, ஸ்கூட்டரின் மேல் பூசிக்கொண்டே வாருங்கள். ஓரங்களில் பொறுமை வேண்டும்.

கிம்ப் என்று இன்னொரு மென்பொருளும் உண்டு. பெர்க்லி மாணவர்கள் இருவர் எழுதி 1996-இல் வெளியானது, முழுக்க இலவசம். 3.0 பதிப்பு 2025 மார்ச்சில் வந்தது. பெரிய வேலைக்காரன்தான், ஆனால் முதல் பார்வையிலேயே பயமுறுத்துவான். படத்தைச் சேமித்தால் எக்ஸ்.சி.எஃப். என்று ஒரு கோப்பு வரும். அதை உறவினருக்கு அனுப்பினால் திறக்கவே திறக்காது. எல்லோரும் திறக்கக்கூடிய ஜேபெக் வடிவம் வேண்டுமென்றால் 'சேவ்' அல்ல, 'எக்ஸ்போர்ட்'. இது தெரியாமல் கிம்ப்பைத் திட்டிவிட்டு அழித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெயின்ட் டாட் நெட் போதவில்லை என்று உங்களுக்கே தோன்றும் நாளில் கிம்ப்புக்குப் போங்கள்.

எதில் திருத்தினாலும் மூலப் படத்தின் மேலேயே சேமிக்காதீர்கள். ஜேபெக் கோப்பு ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் கொஞ்சம் விவரத்தை இழக்கும்.

எங்களுடையது நெசவுக் குடும்பம். தாத்தா பாட்டியின் கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படத்தின் ஓரத்தைக் கறையான் அரித்திருக்கிறது. 80-களில் எடுத்த கலர் படங்கள் எல்லாம் செம்மண் நிறமாகிவிட்டன. சரி செய்து பெரிதாக்கிச் சுவரில் மாட்ட வேண்டும். எந்த மென்பொருள்?
– வாசகர், குகை

இதற்குக் கிம்ப்தான். ஆனால் மென்பொருளைத் திறக்கும் முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். கைப்பேசியில் எடுக்காமல் ஸ்கேனரில் வையுங்கள். அஞ்சலட்டை அளவுப் படம் என்றால் 600 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு) வையுங்கள், அதைவிடச் சின்னப் படம் என்றால் 1200. அச்சுக்கு 300 டி.பி.ஐ. வேண்டும் என்பது எங்கள் தொழிலின் வாய்ப்பாடு. ஆகவே 600-இல் ஸ்கேன் செய்தால் நீள அகலத்தில் இரண்டு மடங்கு வரை தயக்கமில்லாமல் பெரிதாக்கலாம். டிஃப் அல்லது பி.என்.ஜி. வடிவில் சேமியுங்கள். சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தை மட்டும் உரிக்கவே உரிக்காதீர்கள். மேல்பூச்சு கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள்.

கலர் படம் சிவந்ததற்குக் காரணம் இருக்கிறது. அந்தத் தாளில் சயான், மெஜந்தா, மஞ்சள் என்று மூன்று சாயங்கள் இருக்கும். அந்தக் காலத்துத் தாள்கள் பலவற்றில், பெட்டிக்குள் இருட்டில் வைத்திருந்தாலும் சயான் முதலில் வெளுத்துவிடும். மற்ற இரண்டும் மிஞ்சுவதால் படம் சிவப்பாகத் தெரிகிறது. நிறம் முழுவதும் போய்விடவில்லை, இளைத்துப்போயிருக்கிறது, அவ்வளவுதான். கிம்ப்பில் 'கலர்ஸ்' மெனுவில் 'ஆட்டோ', அதில் 'வைட் பேலன்ஸ்' அழுத்திப் பாருங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே இழுத்து விரிக்கும். பல படங்கள் இந்த ஒரே சொடுக்கில் பாதி மீண்டுவிடும்.

அது திருப்தி தராவிட்டால் 'லெவல்ஸ்' திறந்து, மேலே ஒவ்வொரு நிறமாகத் தேர்ந்தெடுத்து, இரு ஓர முக்கோணங்களையும் வரைபடம் தொடங்கும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் நகர்த்துங்கள். இன்னொரு வழியும் உண்டு. அதே பெட்டியில் வெள்ளைப் புள்ளியைக் காட்டும் சொட்டுக்குழாய் இருக்கும். நம் வீட்டுப் படங்களில் யாராவது ஒருவர் வேட்டியோடு நிற்காமல் இருக்கமாட்டார். அந்த வேட்டியில் நல்ல வெளிச்சம் பட்ட இடத்தைத் தொடுங்கள். நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு எந்த வெள்ளை சரியான வெள்ளை என்று நான் சொல்லித்தர வேண்டுமா?

கறையான் அரித்த ஓரத்துக்குக் 'குளோன்', சின்னப் புள்ளிகளுக்கும் கீறல்களுக்கும் 'ஹீல்'. இரண்டையும் தனி லேயரில் (படத்தின் மேல் விரித்த கண்ணாடித்தாள் போன்றது) செய்யுங்கள், அடிப்படத்தைத் தொடவேண்டாம். கருவியின் அமைப்பில் 'சாம்பிள் மெர்ஜ்டு' என்பதைத் தேர்ந்தெடுத்தால் இது முடியும். முகத்தில் ஓட்டை விழுந்திருந்தால் அதை நிரப்ப முயலாதீர்கள். ஒரே அழுத்தில் முகத்தைத் துலக்கித் தருவதாகச் சொல்லும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளை இந்தப் படத்திடம் அண்டவிடவேண்டாம் என்பது என் கட்சி. அவை இல்லாத கண்ணிமையையும் பல்லையும் தாமாகவே கற்பனை செய்து ஒட்டும். பளபளவென்று வரும், ஆனால் வீட்டில் பெரியவர்கள் "இது யார்?" என்று கேட்பார்கள். கறுப்பு வெள்ளைக்கு வண்ணம் ஏற்றுவதும் அப்படியே. படத்தில் நிறத்தின் தகவலே இல்லை. செயலி சொல்வது ஊகம். கூறைப்புடவை அரக்கா பச்சையா என்று தெரிந்தவர் யாராவது உயிரோடு இருந்தால் கேட்டுவிட்டு அப்புறம் ஏற்றுங்கள்.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு செய்கிறோம். புது மாடல்களை வாட்ஸ்அப்பில் வெளியூர்க் கடைக்காரர்களுக்கு அனுப்பினால், ஒரு படம் மஞ்சளாகவும் ஒரு படம் நீலமாகவும் வருகிறது. பின்னணியும் அழுக்காகத் தெரிகிறது. கைப்பேசிதான் இருக்கிறது.
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை

கைப்பேசியே போதும். கூகுளின் ஸ்னாப்சீட் செயலியை நிறுவிக்கொள்ளுங்கள், இலவசம். ஆனால் உங்கள் சிக்கல் விளக்கில் இருக்கிறது. மெருகேறிய வெள்ளி எதிரே இருப்பதை எல்லாம் காட்டும். நீங்கள் சிவப்புச் சட்டையோடு குனிந்தால் கொலுசும் சிவக்கும். ஒரு பக்கம் டியூப்லைட், மறுபக்கம் ஜன்னல் என்று இரண்டு வெளிச்சம் கலந்தால், பாதி ஒரு நிறத்திலும் மீதி வேறு நிறத்திலும் வரும். அதை எந்த மென்பொருளாலும் எளிதில் பிரிக்க முடியாது.

விளக்குகளை அணையுங்கள். நேர் வெயில் வராத ஜன்னல் ஓரம், வெள்ளைச் சார்ட் தாளின் மேல் கொலுசு. ஜன்னலில் மெல்லிய வெள்ளைத் துணி, எதிர்ப்பக்கம் இன்னொரு சார்ட்டை நிமிர்த்தி வையுங்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். எடுத்த பிறகு ஸ்னாப்சீட்டில் 'வைட் பேலன்ஸ்' கருவியின் சொட்டுக்குழாயால் சார்ட் தாளைத் தொடுங்கள். மஞ்சளும் நீலமும் போய்விடும். பிறகு 'செலக்டிவ்' கருவியில் தாளின் மேல் ஒரு புள்ளி வைத்து வெளிச்சத்தைக் கூட்டினால் பின்னணி வெளுக்கும், கொலுசு அப்படியே நிற்கும்.

பின்னணியைத் தானாக நீக்கும் வசதியை நீங்கள் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது. சேலை, பாத்திரம் என்றால் பரவாயில்லை. கொலுசின் கண்ணிகளுக்கு நடுவே உள்ள சந்துகளை அது விட்டுவிடும், அல்லது முத்துகளில் இரண்டைத் தின்றுவிடும். வாங்குகிறவர் முத்தை எண்ணிப் பார்ப்பார் என்பது உங்களுக்குத் தெரியாததா? 'டீடெய்ல்ஸ்' கருவியில் 'ஸ்ட்ரக்சர்' அளவை 15-க்கு மேல் ஏற்றாதீர்கள், வெள்ளி கரிப்பிடித்ததுபோல ஆகிவிடும். அனுப்பும்போது படமாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும்.

ஊர்க் கோயில் ஆடித் திருவிழாவுக்கு நானே பிளெக்ஸ் வடிவமைத்தேன். 'கொடியேற்றம்' என்று அடித்தால் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கின்றன. பென் டிரைவில் கொண்டுபோன அழைப்பிதழோ அச்சகத்தில் ஆங்கில எழுத்துகளாக வந்தது. என்ன செய்வது?
– வாசகர், தாரமங்கலம்

தம்பி, உங்களுக்கு வந்திருப்பது இரண்டு தனி வியாதிகள். எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோட் எழுத்து முறையில் 'கொ' என்பது 'க'வும் அதன் பின் ஒரு குறியும்தான். கொம்பை இடப்பக்கம் கொண்டுபோய் வைக்க வேண்டியது மென்பொருளின் வேலை. அது தெரியாத மென்பொருளில் எழுத்து சிதறும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கொம்பைத் தனி எழுத்தாக நாங்களே முதலில் அடிப்போம். கணினி அதை ஆங்கில எழுத்து என்றே நினைத்துக்கொண்டிருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினிக்குப் போனால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இங்க்ஸ்கேப் நிறுவுங்கள். 2003-இல் தொடங்கிய இலவச மென்பொருள். வடிவங்களைக் கோடுகளாக வைத்திருப்பதால் அட்டை அளவில் வரைந்ததை பேனர் அளவுக்குப் பெரிதாக்கினாலும் ஓரம் பிசிறாது. தமிழை ஒழுங்காகக் கோக்கும். கிம்ப்பும் கோக்கும். கூகுளின் எழுத்துருக் களஞ்சியத்தில் மீரா இனிமை, முக்தா மலர், பாலூ தம்பி, கவிவனார் எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன, அச்சிடவும் தடையில்லை. தலைப்புக்குப் பாலூ தம்பி, நிகழ்ச்சி நிரலுக்கு முக்தா மலர் என்று இரண்டோடு நிறுத்துங்கள். வேலை முடிந்ததும் ஒரு பிரதி எடுத்து, அதில் எழுத்தை எல்லாம் தேர்ந்தெடுத்து, 'பாத்' மெனுவில் 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுங்கள். எழுத்து வரைகோடாக மாறிவிடும். பிறகு பி.டி.எஃப். ஆக்கினால் எந்த அச்சகத்திலும் ஒரு புள்ளி பிசகாது. மாற்றாத பிரதியைப் பத்திரமாக வையுங்கள்; கடைசி நிமிடத்தில் உபயதாரர் பெயர் ஒன்று கட்டாயம் கூடும்.

பிளெக்ஸில் வைக்கும் புகைப்படத்துக்கு 300 டி.பி.ஐ. தேவையில்லை, தூரத்திலிருந்துதானே பார்க்கிறோம். எட்டடிக்கு நாலடி பிளெக்ஸ் முழுவதையும் நிரப்பும் படத்துக்கு 72 டி.பி.ஐ. கணக்கில் 6,912-க்கு 3,456 பிக்சல் போதும். திரையில் மின்னும் பச்சையும் நீலமும் அச்சு மையில் மங்கும், மஞ்சளும் குங்குமச் சிவப்பும் ஏமாற்றாது. இன்னொன்று: விழாக் குழுவினர் அத்தனை பேரின் பாஸ்போர்ட் படத்தையும் போட்டுவிட்டு அம்மனை மூலையில் ஒதுக்காதீர்கள். இது மென்பொருள் சம்பந்தப்பட்டதல்ல, வயிற்றெரிச்சல்.

ஏற்காட்டில் எங்கள் காபித் தோட்டத்தில் பனிமூட்டத்தைப் படம் எடுத்தால் சாம்பல் பூத்ததுபோல வருகிறது. திருத்தி நாள்காட்டி போட நினைக்கிறேன். இங்கே இணையம் வரும், போகும்.
– வாசகர், ஏற்காடு

இணையம் நிச்சயமில்லாத இடத்தில் கேன்வா, போட்டோபீ போன்று உலாவியில் ஓடுபவற்றை நம்பாதீர்கள், பெரும்பாலும் திறக்கவே இணையம் வேண்டும். சேலத்துக்கு இறங்கும்போது டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். கேமராவிலோ கைப்பேசியிலோ 'ரா' வடிவில் (கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருப்பது) எடுக்க முடிந்தால் அப்படி எடுங்கள். டார்க்டேபிள் அதற்கென்றே செய்தது.

பனி சாம்பலாவது கேமராவின் குணம். எதைப் பார்த்தாலும் நடுத்தர வெளிச்சமாக்கப் பார்க்கும். வெள்ளைப் பனியையும் அப்படியே ஆக்கும். எடுக்கும்போதே திரையைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே நகர்த்துங்கள். பிறகு டார்க்டேபிளில் பனியை விலக்கும் 'ஹேஸ் ரிமூவல்' இருக்கிறது. அதைப் படம் முழுக்கப் போட்டால் நாள்காட்டியில் ஏற்காடு போய் ஆத்தூர் வெயில் வந்துவிடும். மாஸ்க் போட்டு முன்னால் நிற்கும் சில்வர் ஓக் மரத்துக்கும் அதில் ஏறிய மிளகுக் கொடிக்கும் மட்டும் கொடுங்கள். பின்னால் மலை மங்கலாகவே இருக்கட்டும், அதற்காகத்தானே படம் எடுத்தீர்கள்.

போட்டித் தேர்வு விண்ணப்பத்தில் படம் 20 முதல் 50 கே.பி.க்குள் இருக்க வேண்டும் என்கிறது. என் படம் 3 எம்.பி. ஒவ்வொரு முறையும் இணைய மையத்தில் காசு கொடுக்கிறேன்.
– வாசகி, ஆத்தூர்

கொடுக்காதீர்கள். விண்டோஸ் பெயின்ட்டில் 'ரீசைஸ்' இருக்கிறது. 35-க்கு 45 மில்லிமீட்டர் படத்துக்கு 300 டி.பி.ஐ. கணக்கில் 413-க்கு 531 பிக்சல். முதலில் அந்த விகிதத்தில் வெட்டி, பிறகு சிறிதாக்கி ஜேபெக்காகச் சேமியுங்கள். அப்போதும் 50-ஐத் தாண்டினால் இர்ஃபான்வியூ என்ற சின்ன மென்பொருளை எடுங்கள். வீட்டு உபயோகத்துக்கு இலவசம். சேமிக்கும்போது கோப்பு எத்தனை கே.பி. இருக்க வேண்டும் என்று நீங்களே குறிக்கலாம். முகத்தை வெளுப்பாக்கும் பில்டர் வேண்டாம். தேர்வறையில் படத்தையும் உங்களையும் ஒப்பிடுவார்கள்.

கல்லூரி முதலாண்டு. வடிவமைப்பையே தொழிலாக்க எண்ணம். காசு இல்லை.
– வாசகர், ஓமலூர்

அஃபினிட்டி என்ற மென்பொருளை 2024-இல் கேன்வா நிறுவனம் வாங்கியது. 2025 அக்டோபர் முதல் அதை இலவசமாகத் தருகிறது. கேன்வா கணக்கு மட்டும் வேண்டும். படம் திருத்தல், கோட்டோவியம், பக்க வடிவமைப்பு மூன்றும் ஒரே மென்பொருளில் இருக்கின்றன. கணினி கொஞ்சம் வலுவாக இருக்க வேண்டும். அதில் கை பழகட்டும். ஆனால் நம் ஊர் அச்சகத்தில் வேலைக்குப் போய் நின்றால் கோரல்டிரா தெரியுமா என்றுதான் கேட்பார்கள். அதை அங்கேயே, அவர்கள் கணினியில் கற்றுக்கொள்ளலாம். ஒன்றை ஒழுங்காகக் கற்றவனுக்கு அடுத்ததில் பொத்தான்களின் இடம்தான் புதிது.

மகளுக்குப் பத்து வயது, அவள் தம்பிக்கு ஐந்து. இருவருக்கும் கணினியில் படம் வரைய ஆசை. எதைப் போட்டுக் கொடுப்பது?
– வாசகி, கன்னங்குறிச்சி

சின்னவனுக்கு டக்ஸ் பெயின்ட். இலவசம், தமிழிலும் வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொரு தூரிகைக்கும் ஒரு சத்தம் எழுப்பும். அந்தச் சத்தத்தை அணைக்கவும் வழி இருக்கிறது, உங்களுக்குத் தேவைப்படும். பெரியவளுக்குக் கிரிட்டா, ஓவியர்களுக்கென்றே செய்த இலவச மென்பொருள். புகைப்படம் திருத்த அதைப் போட்டுக் கொடுத்துவிட்டு ஏமாறாதீர்கள், அது வரைவதற்குத்தான். மவுஸால் வரைவது கைக்கு வேதனை. கொஞ்ச நாள் மவுஸிலேயே விடாமல் வரைகிறாளா என்று பாருங்கள். வரைந்தால், பேனாவோடு வரும் சிறிய வரைபலகை ஒன்றை வாங்கிக் கொடுங்கள். திரையோடு வருவது இப்போதைக்கு வேண்டாம்.